வீட்டில் இருக்கக் கூடாத ஒரு மணி நேரம்

சேந்தமங்கலம் பஸ்ஸுங்களா தம்பி? ஒன்று இப்போதுதான் போனது, இரண்டு ஐம்பத்தெட்டுக்கு. அடுத்தது மூன்று நாற்பதுக்கு வர வேண்டும். சனிக்கிழமையில் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளித்தான் வரும். உட்காருங்க. அந்த ஓரம் ஈரமாக இருக்கிறது, இந்தப் பக்கம் வாங்க.

நான் இதே ஊர்தான். அதோ, டயர் கடையை ஒட்டிப் போகிறதே ஒரு தெரு, அதில் ஐந்தாவது வீடு. இங்கிருந்து முந்நூற்று நாற்பது தப்படி. வெளியே இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றிலிருந்து நான்கு வரைக்கும் வீட்டுப் பக்கம் போகக் கூடாது.

சண்டையெல்லாம் இல்லைங்க. எங்கள் வீட்டில் சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சே கிடையாது. இது ஆஸ்பத்திரியில் சொன்னது. வைத்தியம். எனக்கு இல்லை, என் மருமகளுக்கு. எனக்கும்தான் என்று அங்கே இருக்கிற மேடம் சொல்கிறார். குடும்பத்துக்கே சேர்த்து வைத்தியமாம். ஊசி கிடையாது. எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் வைத்தியம். எனக்கு அதைவிட ஊசியே மேல்.

நான் பேசுகிற ஆள் இல்லை தம்பி. கல்யாணத்தன்று மொத்தம் ஆறு வார்த்தைதான் பேசினேன் என்று பாவாயி இன்றைக்கும் சொல்லுவாள். பாவாயி என் வீட்டுக்காரி. ஏழு வார்த்தை. அவளுக்குக் கணக்கு வராது. இன்றைக்கு முன்பின் தெரியாத உங்களிடம் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றால் காரணம் வேறு. இந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டரை மணியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதைத்தான் பார்க்கிறேன்.

அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். மருமகள் சுகந்தி. அவள் பெண் குழந்தை, எட்டு மாதம் பதினாறு நாள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். பாவாயி அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள், பலகாரம் தின்றுகொண்டிருப்பாள். மகன் லோகநாதன் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கரில் இருக்கிறான். யாருமே இல்லை. மூன்று ஆறு ஆகிறது. இன்னும் ஐம்பத்து நாலு நிமிடம்.

என்ன ஆகும் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சுகந்தி நல்ல பெண். பரமத்திப் பக்கம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் ஐந்தாம் மாதம் பிள்ளையோடு இங்கே வந்தாள். வந்த பதினோராம் நாள், புதன்கிழமை, குடிதண்ணீர் விடுகிற நாள். வாசலில் தரைக்குள் இருக்கிற தொட்டியைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று கோல் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். நின்றவள் அசையவில்லை. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"மாமா, பாப்பாவை வாங்கிக்கங்க."

"ஏன் அம்மிணி?"

"வாங்கிக்கங்க மாமா. தொட்டிக்குள்ள போட்டுருவனோன்னு தோணுது. போட்டுருவேன், போட்டுருவேன்னு உள்ள ஒரு நெனப்பு வருது. எனக்குப் பயமா இருக்குது. என்கிட்டப் பாப்பாவைத் தனியா விட்டுராதீங்க."

வாங்கிக்கொண்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் முதலில் தொட்டியை மூடினேன். பிறகு பூட்டுப் போட்டேன். பிறகுதான் பாவாயியைக் கூப்பிட்டேன்.

அவள் வாயாலேயே கேட்டாள் தம்பி, தனியாக விடாதீர்கள் என்று. நானாக ஒன்றும் செய்யவில்லை. அதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த மேடம் அதைக் கவனிப்பதே இல்லை.

அன்றைக்கே ஆரம்பித்தேன். கத்தி, அரிவாள்மனை எல்லாம் பரண் மேல் ஏறியது. காய் நறுக்க வேண்டும் என்றால் பாவாயி என்னிடம் கேட்டு வாங்க வேண்டும். சுகந்தியின் அறைக்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன், நாலு திருகாணி. அவள் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது குளியலறை வாசலில் ஒரு முக்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், எத்தனை சொம்பு ஊற்றினாள் என்று. பாப்பா எப்போது பால் குடித்தது, எத்தனை நிமிடம், எப்போது தூங்கியது, அவள் எப்போது தூக்கினாள், எப்போது கீழே விட்டாள், எல்லாம் நோட்டில். எழுபத்தோரு நாள். ஒரு நாள் விட்டுப்போனதில்லை. எழுபத்தோரு நாளும் பிள்ளை மேல் ஒரு நகக்கீறல் கிடையாது. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பாவாயி மட்டும் சொன்னாள், அவள் பாணியில். "ஏனுங்க, மருமவளைக் கட்டிட்டு வந்திருக்கமா, கொலைக்கேசுக்காரியப் புடிச்சு வெச்சிருக்கமா? எந்நேரமும் நோட்டும் கையுமா நிக்கறீங்க. நான் பெத்தப்ப மருந்துத்தண்ணிகூட வெச்சுக் குடுக்காத மனுசன்." நான் நோட்டில் அடுத்த வரியை எழுதினேன்.

எனக்கு இது புதிய வேலையும் இல்லைங்க. முப்பத்தோரு வருடம் குஞ்சு பொரிக்கிற பண்ணையில் மெஷின் பார்த்தவன் நான். இந்த ஜில்லாவில் அந்த வேலை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தாய்க்கோழியே கிடையாது. முட்டை, மெஷின், நான். தொண்ணூற்றொன்பதரை டிகிரி. பதினெட்டு நாள் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், கடைசி மூன்று நாள் வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டும், இருபத்தோராம் நாள் குஞ்சு. ஒரு தடவைக்குப் பன்னிரண்டாயிரம். எத்தனை லட்சம் குஞ்சு என் கையில் கண் திறந்திருக்கிறது என்று கணக்கு இருக்கிறது. தாய் இல்லாமலே.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. சேர்ந்த இரண்டாம் வருடம். கடைசி மூன்று நாளில் மெஷின் கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற ஈரக்காற்று போய்விடும், ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், கொத்தி வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பயம். உள்ளே என்ன ஆகிறதோ, சூடு ஏறிவிட்டதோ, மூச்சு இருக்கிறதோ. அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு குஞ்சு. எண்ணிக் குழியில் போட்டது நான்தான். மேஸ்திரி ராசு அண்ணன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்துப் பாத்தே கொன்னுபுட்டியேடா வையாபுரி" என்றார்.

அதற்குப் பிறகு முதலாளி என்ன செய்தார் தெரியுமா? மெஷின் கதவில் கண்ணாடி வைத்தார். கதவைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம். அதோடு சரி, ஒரு பிரச்சினையும் கிடையாது. அந்தப் புத்தியில்தான் சுகந்தி அறைக்கதவிலும் ஒரு கண்ணாடி வைத்தேன். பெரியதாக இல்லைங்க, எட்டுக்கு ஆறு அங்குலம். ஆசாரியைக் கூப்பிட்டால் ஊருக்குள் பேச்சாகும் என்று நானே ரம்பம் போட்டு அறுத்து, சட்டம் அடித்து, பூசி முடித்தேன். கட்டிலும் தொட்டிலும் தெரிகிற மாதிரி உயரம் பார்த்து வைத்தேன். உடை மாற்றுகிற மூலை தெரியாது, அதையும் அளந்துதான் வைத்தேன். அவளுக்கும் நல்லதுதானே, யாரும் சும்மா சும்மா கதவைத் திறந்து தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இரண்டாம் நாள் அவள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். ஈரத்துண்டு காயப்போட இடமில்லை போலிருக்கிறது என்று வெளியே கொடியில் எடுத்துப் போட்டேன். மறுநாளும் போட்டாள். மறுநாளும் எடுத்துப் போட்டேன். பிறகு போடவில்லை.

மணி என்னங்க? என்னிடம் மூன்று பதினெட்டு. சரிதானே? உங்களுடையது ஒரு நிமிடம் முந்துகிறது.

பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையைத் தூக்குவதே குறைந்துபோனது. முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்தொன்பது தடவை தூக்கினாள். ஏழாவது வாரத்தில் நாலு. பால் கொடுக்க மட்டும் வாங்குவாள், கொடுத்துவிட்டு உடனே நீட்டுவாள், "மாமா, புடிங்க." எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆபத்து குறைகிறது என்று நினைத்தேன். பிறகு அவளுக்குப் பால் வற்றியது. சாப்பாடும் குறைந்தது, ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி. ராத்திரி தூங்குவதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாப்பாவைப் பார்க்க மாட்டாள், கதவைத்தான்.

அங்கன்வாடியில் மாதம் ஒரு தடவை எடை போடுவார்கள். நான்தான் பிள்ளையைத் தூக்கிப் போனேன், சுகந்தி பின்னால் வந்தாள். தராசில் வைக்கும் முன்னாலேயே, ஆறு கிலோ நானூற்று ஐம்பது என்று சொல்லிவிட்டேன். சரியாக அதேதான் காட்டியது. நர்ஸம்மா என்னைப் பாராட்டும் என்று பார்த்தால், அது என்னைத் தாண்டி சுகந்தியைப் பார்த்தது. அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா, பாப்பா உன்னுதுதானே? ஏன் அவ்வளவு தூரத்துல நிக்கற?" என்று கேட்டது. சுகந்தி என்னைப் பார்த்தாள். அந்த அம்மா அவளை மட்டும் உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இருபத்திரண்டு நிமிடம். வெளியே வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது. அங்கே டாக்டர் இரண்டு நாள் அவளிடம் தனியாகப் பேசினார், மாத்திரை கொடுத்தார். அடுத்த புதன்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் அறை. ஜெசிந்தா மேடம் என்று ஒருவர். சின்ன வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். நாங்கள் போய் நின்றதும், "உக்காருங்க"கூடச் சொல்லவில்லை. சுவரோரம் அடுக்கி வைத்திருந்த நாற்காலியைக் காட்டி, "வீட்ல யாரு பக்கத்துல யாரு இருப்பீங்களோ, அப்படி ஆளுக்கொரு நாற்காலி எடுத்துப் போட்டுக்கங்க" என்றார். பாப்பாவுக்கும் ஒரு நாற்காலி என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. பரீட்சை மாதிரி. நான் பாப்பாவின் நாற்காலியை நடுவில் போட்டேன், என்னுடையதை அதற்கு ஒட்டிப் போட்டேன். பாவாயி தன்னுடையதை ஜன்னலோரம் காற்றுக்குப் போட்டுக்கொண்டு, "நான் எங்க உக்காந்தா என்ன மேடம், என் பேச்சை யாரு கேக்கறா" என்றாள். லோகநாதன் போனில், வீடியோவில். அவனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தோம். பின்னால் வண்டி பூமியைத் துளைக்கிற சத்தம். "எங்கப்பா எல்லாத்தையும் பாத்துக்குவாரு மேடம்!" என்று கத்துகிறான். "அவரு பாத்துக்கறாரு தம்பி. நீங்க என்னத்தப் பாத்துக்கறீங்க?" என்றார் மேடம். அவன் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

சுகந்தி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், வராந்தாவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

உள்ளே காற்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தேன். மேடம் என்னையே பார்த்தார். பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அவளை உள்ளே கூட்டி வந்த பிறகு மேடம் ஒவ்வொருவரையும் கேட்டார், உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று. சுகந்தி, "என் கையைக் கண்டா" என்றாள். பாவாயி, "இவ தாய் வீட்டுக்குத் திரும்பிப் போயிருவாளோன்னு" என்றாள். அது எனக்கே புதுசு. என் முறை வந்தது. ஒன்றுமில்லை என்றேன். பேசுவதற்குப் பதிலாக நோட்டை எடுத்து நீட்டினேன். இதில் எல்லாம் இருக்கிறது மேடம், எழுபத்தோரு நாள்.

மேடம் நிதானமாக ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். "இதை சுகந்தி பாத்திருக்காங்களா?" என்றார். அவள் கையை நீட்டினாள். கொடுத்தார். அவள் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். "செவ்வாய். காலை பத்து நாப்பது, தூக்கினாள். பத்து அம்பத்திரண்டு, இறக்கி விட்டாள். சிரிக்கவில்லை."

படித்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "மாமா, அந்தப் பன்னெண்டு நிமிசமும் நான் பாப்பாவையே பாக்கல. உங்க பேனாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எப்ப எழுதுவீங்க, என்ன எழுதுவீங்கன்னு. தொட்டிகிட்ட நின்னப்ப வந்தது ஒரு நெனப்பு மாமா. அதுக்கப்புறம் நீங்க பாக்கற ஒவ்வொரு தடவையும், நான் அப்படிப்பட்டவதான் போலிருக்குன்னு எனக்கே ஆயிருச்சு."

"சிரிக்கலை, அதனால எழுதினேன்" என்றேன். அது உண்மைதானே.

மேடம் எனக்கு விளக்கினார். அதட்டவில்லை, மெதுவாகத்தான். "ஐயா, பெத்த தாய்க்கு இப்படி நெனப்பு வர்றது உண்டுங்க. நெறைய பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல. அது ஆசை இல்லைங்க. வந்த நெனப்பைப் பாத்து அவங்க பதறிப்போய் உங்ககிட்டப் புள்ளையக் குடுத்தாங்க பாருங்க, அங்கதான் அவங்க மனசு இருக்குது. டாக்டரும் நானும் நல்லா விசாரிச்சுட்டோம். பாப்பாவுக்கு இவங்களால ஆபத்து இல்லை. இவங்களுக்கு இப்ப வேணுங்கறது காவல் இல்லைங்க, நம்பிக்கை." நோட்டை மேடமே வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் கண்ணாடியை நானே மூட வேண்டும் என்றார். தாழ்ப்பாளை நானே திரும்ப மாட்ட வேண்டும் என்றார். மூடினேன், மாட்டினேன். அதே நாலு திருகாணி. ஒன்று மட்டும் சரியாக இறங்கவில்லை.

பிறகு படிப்படியாக. முதல் வாரம் அறைக்குள் அவளும் பிள்ளையும், கதவு சாத்தி, பத்து நிமிடம். அடுத்த வாரம் இருபது. அப்புறம் அரை மணி. அப்போதெல்லாம் நான் வீட்டில்தான் இருந்தேன், காதைக் கதவில் வைக்காமல் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் முதல் தடவை, வீட்டிலேயே யாரும் இல்லாமல். "ஐயா, முக்கியமா நீங்க" என்றார் மேடம். "தெருவுலகூட நிக்கக் கூடாது."

நீங்களும் அந்த மேடம் மாதிரியே பார்க்கிறீர்கள்.

சரி. அன்றைக்கு அங்கே சொல்லாததைச் சொல்கிறேன். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடப் போகிற ஆள்தானே. எனக்கு ஏழு வயது. எங்கள் அம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள், என் தங்கச்சி. ஒரு நாள் உச்சிவேளையில் அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். சேலையெல்லாம் ஈரம். பிள்ளையும் ஈரம். இரண்டு பேரும் உயிரோடுதான் வந்தார்கள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. ஏன் போனாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் அவளைச் சோளம் கொட்டி வைக்கிற அறையில் விட்டு வெளியே பூட்டினார்கள். பிள்ளை அத்தை வீட்டுக்குப் போனது. என்னைக் கதவோரம் உட்கார வைத்து, "உள்ளே ஏதாவது சத்தம் கேட்டா ஓடி வந்து சொல்லு" என்றார் அப்பா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது அதனால்தான்.

பதினோரு வருடம் தம்பி. குளிக்க, கொல்லைக்குப் போக மட்டும் திறப்பார்கள். பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். ஆனால் அந்தப் பதினோரு வருடமும் ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகத்தான் இருந்தாள். பிள்ளையும் பிழைத்தது, இன்றைக்கு ராசிபுரத்தில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். நான் சரியாகக் காவல் இருந்தேன் என்று அப்பாவே சொன்னார்.

ஒரு தடவை மட்டும் அம்மா கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள். "சாமி, பாப்பா இப்பத் தவுழுதா?" அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பாவைக் கேட்கப் பயம். கேட்கவில்லை. மறுபடி அவள் கேட்பாள், அப்போது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை.

உங்கள் பாட்டில் வேண்டாம், குடிக்கத் தண்ணீர் என்னிடமே இருக்கிறதுங்க. மூன்று முப்பத்தொன்பது. கிணறு வற்றிக் கிடந்த வருடமா அது, தண்ணீர் எத்தனை அடி இருந்தது, படியில் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போய் வழுக்கினாளா, ஒன்றுமே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கணக்கு வைப்பவனுக்கு அது ஒன்று தெரியாது.

இருங்க. போன்.

என் போன்தான் அடிக்கிறது. சுகந்தி நம்பர். கடவுளே. எதற்குக் கூப்பிடுகிறாள்? கூப்பிடவே மாட்டாளே, இந்த மூன்று வருடத்தில் என் போனுக்கு ஒரு தடவை... எடுக்கட்டுமா? நீங்கள் எடுக்கிறீர்களா? இல்லை, இல்லை. நானே.

அம்மிணி? சொல்லு அம்மிணி... என்ன ஆச்சு?... ஆமா கேக்குது, பாப்பா அழுவுது. நான் வந்தர்றேன், இரு, இப்பவே... சரி. சரி, வரலை... ம்... ம்... பால் குடிச்சாளா? எத்தனை மணிக்கு?... பாக்கலையா?... இல்லை இல்லை, நான் ஒண்ணும் சொல்லலை... ம்... எந்நேரம் வரைக்கும்?... சரி அம்மிணி. சரி. வெச்சிரு.

வைத்துவிட்டாள்.

பாப்பா அழுகிறது தம்பி. உங்களுக்கே கேட்டிருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறதாம். "நீங்க வராதீங்க மாமா, நான் பாத்துக்கறேன். அழுவுதுன்னு யார்கிட்டயாவது சொல்லோணும்னு தோணுச்சு, அதான் கூப்பிட்டேன்" என்கிறாள். என்னிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது. பாவாயியிடம் இல்லை, புருசனிடம் இல்லை. எத்தனை மணிக்குப் பால் குடித்தாள் என்று கேட்டேன். "தெரியல மாமா, மணியப் பாக்கல" என்கிறாள். மணியைப் பார்க்கவில்லையாம். சிரிக்கிற மாதிரி இருந்தது குரல். எனக்கு அப்படிக் கேட்டதோ என்னவோ, அழுகைச் சத்தத்தில் ஒன்றும் சரியாக விழவில்லை. யார் அழுதது என்றுகூட முதலில் தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொன்னாள். நாலு மணிக்கு வர வேண்டாமாம். நாலரைக்கு மேல் வந்தால் போதுமாம். "இன்னொரு அரை மணி நேரம் இருந்துக்கறோம் மாமா" என்றாள். இருந்துக்கறோம். இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னாள்.

ஏனுங்க, இது நல்லதற்கா? மேடம் அரை மணி கூடுதல் என்று சொல்லவே இல்லை. ஒரு மணி நேரம் என்றுதான் சீட்டில் இருக்கிறது. கூடுதலாகக் கேட்கிறாள் என்றால் தெம்பு வந்திருக்கிறது என்று அர்த்தமா, இல்லை... இல்லையென்றால் வேறு என்ன? நீங்களே சொல்லுங்கள், பிள்ளை குட்டி வைத்திருக்கிறவர்தானே? நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்களா? நான் வராமல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் இதுவரை கொடுத்த வார்த்தை இது ஒன்றுதான்.

வந்துவிட்டது பாருங்கள் உங்கள் பஸ். மூன்று ஐம்பத்து நாலு. பையை எடுத்துக்கொள்ளுங்கள், குடையை விட்டுவிடாதீர்கள். போங்க, நின்று ஏற்ற மாட்டான்.

நீங்கள் போய்விட்டால் நான் ஒருத்தன் இந்தப் பெஞ்சில் முப்பத்தாறு நிமிடம். என்னை எனக்குத் தெரியும் தம்பி. நீங்கள் அந்தத் திருப்பம் தாண்டுவதற்குள் நான் டயர் கடைக்குப் போயிருப்பேன். அஞ்சு நிமிடத்தில் கதவைத் தட்டியிருப்பேன்.

கொஞ்சம் உள்ளே நகருங்க. நானும் ஏறிக்கொள்கிறேன். கையைக் கொடுங்க, படி உயரம். சேந்தமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுகிறேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கண்டக்டர் தம்பி, விசில் ஊதுப்பா. ஏன் நிறுத்தி வைத்திருக்கிறாய்? எல்லோரும் ஏறியாச்சு. சீக்கிரம் எடுக்கச் சொல்லுப்பா வண்டியை.